தங்கவயலில் ஒப்பிட ஆள் கிடைக்கவில்லை

ஏழைகளின் வறுமை குறைந்திருக்கிறதா என்று பார்த்துவர என்னை அனுப்பியதற்கு ஒரே காரணம், எனக்குத் தமிழ் தெரியும் என்பதுதான். மலேசியாவின் ஈப்போவில் நான் வேலை பார்த்த ஆலோசனை நிறுவனத்தில் என்னைவிடக் கெட்டிக்காரர்கள் இருந்தார்கள். அவர்களில் ஒருவருக்கும் தமிழ் வராது. "கர்நாடகாவில் கன்னடம்தானே பேசுவார்கள்?" என்று என் மேலாளர் லிம்மிடம் கேட்டேன். "கோலார் தங்கவயலில் உங்கள் ஆட்கள்தான் இருக்கிறார்களாம், போய்வா" என்றார். அவருக்குத் தமிழர் என்றாலே என் ஆட்கள். சித்தப்பா வீட்டுக்கு அனுப்புவதுபோல அனுப்பிவைத்தார்.

இது நடந்தது இரண்டாயிரமாவது ஆண்டில். வளர்ச்சிப் பணிகளுக்குக் கடன் கொடுக்கும் பெரிய வங்கி ஒன்று தங்கவயலில் ஒரு திட்டத்துக்குப் பணம் கொடுத்திருந்தது. வங்கியின் பெயர் வேண்டாம், எனக்கு இன்னமும் அவர்களிடமிருந்து வேலை வரலாம். நந்திதுர்க் பக்கத்துச் சுரங்கத் தொழிலாளர் குடியிருப்பில் வீடுகள் வரிசை வரிசையாக இருக்கும். ஒரு வரிசைக்கு ஒரு லைன் என்று பெயர். எட்டாம் லைனில் பன்னிரண்டு பெண்களுக்குப் பன்னிரண்டு தையல் இயந்திரங்களும் பயிற்சியும் பள்ளிச் சீருடை தைக்கிற வேலையும் கொடுத்தார்கள். ஒன்பதாம் லைனுக்கு ஒன்றும் கிடையாது. அது மறதியில்லை, திட்டமே அப்படி. கொடுத்ததால் எட்டாம் லைன் முன்னேறியதா என்று அறிய, கொடுக்காத ஒன்பதாம் லைனைப் பக்கத்தில் வைத்து ஒப்பிட வேண்டும். எந்த லைனுக்குக் கொடுப்பது என்பதைச் சீட்டுக் குலுக்கி முடிவுசெய்தார்கள்.

இரண்டு வருஷம் கழித்து இரண்டு லைனிலும் ஒரே கேள்விகளைக் கேட்டு, வித்தியாசம் எவ்வளவு என்று சொல்வது என் வேலை. வித்தியாசம் இருந்தால் இயந்திரங்கள் அந்தப் பெண்களுக்கே சொந்தமாகிவிடும். இல்லையென்றால் திட்டத்தால் பலனில்லை என்று அர்த்தம். மாதக் கடைசியில் லாரி வந்து இயந்திரங்களை ஏற்றிக்கொண்டு போய்விடும். சுரங்கத்தையே மூடப்போகிறார்கள் என்று பேச்சு அடிபட்ட நேரம் அது. அந்த வீடுகளில் ஆண்களின் வேலை இன்றைக்கோ நாளைக்கோ என்று இருந்தது.

பங்காருபேட்டையில் இறங்கியதும் என் முதல் தவற்றைச் செய்தேன். மாரிகுப்பம் போகிற சின்ன ரயிலுக்குக் கொஞ்சம் நேரம் இருந்தது. நிலையத்துக்கு வெளியே ஒருவர் பானிபூரி விற்றுக்கொண்டிருந்தார். பூரிக்குள் ஊற்றிய தண்ணீர் நிறமே இல்லாமல் குழாய்த் தண்ணீர்போல இருந்தது. எங்கள் ஊரில் நாங்கள் நிறம் பார்த்துப் பயப்படுகிறவர்கள். சிவப்பாக இருந்தால் சம்பால், மிளகாய் அரைத்த விழுது, உஷாராகிவிடுவோம். நிறமே இல்லாத தண்ணீரைக் கண்டு யார் பயப்படுவார்? "இதில் காரம் ஒன்றும் போடவில்லையே?" என்று கேட்டேன். "நீங்களே துன்னு பாத்து சொல்லுங்க மேடம்" என்றார்.

சொல்ல முடியவில்லை. கண்ணிலும் மூக்கிலும் நீர் கொட்ட, இருமி இருமி நான் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றபோது மாரிகுப்பம் ரயில் ஊதிவிட்டுப் போனது. விற்றவர் இரக்கப்பட்டு இன்னொரு பூரி கொடுத்தார். அதையும் தின்றேன் என்பதை வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன்.

எனக்குச் சொல்லாமலே தையல் மையத்திலிருந்து என்னை அழைத்துப்போக அனுப்பப்பட்ட ஆட்டோக்காரர் சேகர் அந்த நிலையில்தான் என்னைக் கண்டுபிடித்தார். முப்பது வயது இருக்கும், சுரங்கத் தொழிலாளியின் மகன். "ட்ரெயின் பூடுச்சிங்க. பர்வால்ல, நம்ம வண்டி கீது" என்றார். "மிக்க நன்றி, தையல் மையம் இங்கிருந்து எவ்வளவு தூரம்?" என்று கேட்டேன். அவர் வண்டியைக் கிளப்பாமல் என்னையே பார்த்தார். "மேடம், இன்னா நீங்க ரேடியோல நியூஸ் வாசிக்கிற மாதிரியே பேசறீங்க?"

தங்கவயலை நெருங்கும்போது வெளுத்த மேடு ஒன்று தெரிந்தது. மலை என்றுதான் நினைத்தேன். தங்கம் எடுத்தபின் கொட்டிய கழிவு மண்ணாம். சயனைடு மேடு என்கிறார்கள். காற்றடித்தால் ஊர் முழுக்க அந்தத் தூள்தான். எங்கள் ஊரில் ஈயம் தோண்டி முடித்த குழிகளில் தண்ணீர் நின்று குளமாகிவிட்டது, வாத்து வளர்க்கிறோம். இவர்களுக்கு மேடு, எங்களுக்குப் பள்ளம். வாத்து விஷயத்தில் நாங்கள் அதிர்ஷ்டசாலிகள் என்று சேகரிடம் சொன்னேன். "இங்க வாத்து வுட்டா வெள்ளையா பூடும் மேடம்" என்றார்.

மறுநாள் காலை எட்டு மணிக்கு எட்டாம் லைனில் இருந்தேன். தையல் மையம் என்பது லைனின் கோடியில் தகரக் கூரை போட்ட நீளமான அறை. பன்னிரண்டு இயந்திரங்கள், பன்னிரண்டு பெண்கள், குவியல் குவியலாக நீலத் துணி. பெண்களுக்குத் தலைவி கனகம். என்னைவிடப் பத்து வயது சின்னவள், குரல் மட்டும் சுரங்கத்துச் சங்குக்குச் சமமானது. வாசலில் ஒரு மேசையைப் போட்டுக்கொண்டு, காதில் பென்சில் செருகி, இஸ்திரி போட்ட சட்டையில் ஒரு பெரியவர் உட்கார்ந்திருந்தார். பெயர் கோவிந்தசாமி. சுரங்கத்தில் டைம்கீப்பராக இருந்து ஓய்வு பெற்றவர். ஆட்கள் கூண்டில் ஏறிப் பூமிக்குள் இறங்கும்போது ஆளுக்கொரு பித்தளை டோக்கன் கொடுத்து, மேலே வரும்போது திரும்ப வாங்கி ஆணியில் மாட்டுகிற வேலை. இங்கே அவருக்கு என்ன வேலை என்று கேட்டேன். "சும்மா ஒக்காந்துகினு கீறேன்மா" என்றார். சும்மா இருக்கிறவர் முகம் அப்படி இருக்காது. அவர் பின்னால் சுவரில் சாமி படம் போட்ட காலண்டர் ஒன்று, ஜமக்காளம் அளவுக்குப் பெரியதாகத் தொங்கியது.

என் கேள்வித்தாளை மேல்நாட்டு நிபுணர்கள் தயாரித்திருந்தார்கள். வருமானத்தைக் கேட்டால் யாரும் உண்மை சொல்லமாட்டார்கள், அதனால் சாப்பாட்டைக் கேள் என்பது அவர்கள் கொள்கை. நேற்று எத்தனை வேளை சாப்பிட்டீர்கள்? என்ன சாப்பிட்டீர்கள்? போன வாரம் எத்தனை முறை முட்டை? நல்ல கேள்விகள்தான். ஆனால் ஒரு தமிழச்சியைப் பார்த்து இன்னொரு தமிழச்சி "நேற்று என்ன சாப்பிட்டீர்கள்?" என்று கேட்டால் என்ன ஆகும் என்பதை அவர்கள் யோசிக்கவில்லை.

"ஐயோ பாவம், மேடம் நாஷ்டா துன்னாம வந்துகீறாங்க" என்று கனகம் கத்தினாள். முதல் வீட்டில் இட்லி. இரண்டாம் வீட்டில் அவித்த முட்டை. மூன்றாம் வீட்டில் கேழ்வரகுக் களியும் கீரைக் குழம்பும். களியை மெல்லாமல் விழுங்க வேண்டும் என்று எனக்குச் சொல்ல மறந்துவிட்டார்கள். நான் பசைபோல மென்றுகொண்டே இருந்ததை மூன்று தலைமுறை சுற்றி நின்று பார்த்தது. நாலாம் வீட்டில் மறுபடியும் முட்டை. முட்டைக் கேள்விக்கு அவர்கள் பதிலை எழுதுவதற்குள் என் கணக்கில் ஐந்து முட்டை ஏறிவிட்டது.

மூன்றாம் நாள் ஒன்பதாம் லைன். காலை பத்து மணிக்கே போகலாம் என்றேன். "ஒன்பதாம் லைன்ல பொம்பளைங்க ரெண்டு மணிக்கு மேலதான் வூட்ல இருப்பாங்க. தண்ணி புடிக்கப் போயிருப்பாங்க" என்றார் சேகர். நாலு மணி நேரம் தண்ணீர் பிடிக்கிறவர்களை நினைத்து எனக்கு மனம் கனத்தது. கேள்வித்தாளின் ஓரத்தில் குறித்துக்கொண்டேன். அதுவரை சயனைடு மேட்டைச் சுற்றிக் காட்டுகிறேன் என்று கூட்டிப்போனார். முந்தின நாளும் அதைத்தான் காட்டினார். ஒரே மேட்டை இரண்டு நாள் பார்த்த வெளிநாட்டுப் பயணி நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

ஒன்பதாம் லைனில் முதல் வீடு முனியம்மாவுடையது. ஐம்பது வயதுக்காரி. பேசத் தொடங்குமுன்னே முந்தானையைக் கண்ணுக்குக் கொண்டுபோனாள். "எங்களுக்கு யாருமா கீறாங்க? சீட்டுல அவங்க பேரு வந்துச்சி, எங்க பேரு வர்ல. தையல் மெஷின்னா எப்டி கீதுன்னுகூட எனக்குத் தெரியாதுமா. தூரத்துல சத்தம் கேக்கும், அவ்ளோதான்." கேட்டுக்கொண்டிருந்த நானே கைக்குட்டையைத் தேடினேன். அவள் சேலையில் அங்கங்கே நீல நூல் துணுக்குகள் ஒட்டியிருந்தன. பாவம், பழைய சேலை, நூல் பிரிகிறது என்று நினைத்தேன். சேலையின் நிறம் மஞ்சள் என்பது என் புத்திக்கு எட்டவில்லை. இருபது வருஷம் புள்ளிவிவரம் பார்த்தவள் நான்.

"நேற்று எத்தனை வேளை சாப்பிட்டீர்கள்?"

"மூணு வேளதான்மா. வேற எத்தினி வேள துன்றது?"

"போன வாரம் முட்டை?"

"நாலு தபா. இருங்க, உங்களுக்கு ஒண்ணு போட்டாரேன்."

பன்னிரண்டு வீட்டிலும் இதே கதை. இயந்திரம் பற்றிக் கேட்டால் ஒப்பாரி, முட்டை பற்றிக் கேட்டால் உற்சாகம். மாலையில் ராபர்ட்சன்பேட்டை விடுதி அறையில் இரண்டு லைன் தாள்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கூட்டிப் பார்த்தேன். வித்தியாசம் இல்லை. மறுபடியும் கூட்டினேன். முட்டையில் ஒன்பதாம் லைன் ஒரு முட்டை அதிகம்.

நாலாம் நாள் காலை தொலைபேசிக் கடையிலிருந்து லிம்மைக் கூப்பிட்டேன். "வித்தியாசம் இல்லையென்றால் பலன் இல்லை. பலன் இல்லையென்றால் எழுது, வா" என்றார். எவ்வளவு சுலபம். நாளைக்கு வங்கியின் அதிகாரி நேரில் வருகிறார், அவரிடம் சொல்லிவிட வேண்டியதுதான் என்றார். கடைக்காரரின் மீட்டர் ஓடிக்கொண்டிருந்ததால் நானும் வாதாடவில்லை.

மனம் கேட்காமல் எட்டு மணிக்கு மையத்துக்குப் போனேன். ஏதாவது ஒரு கேள்வியில் எட்டாம் லைன் முந்தாதா என்று ஆசை. எவ்வளவு கேட்டும் அவர்கள் பதில் மாறவில்லை. பத்து மணிக்குக் கால் மணி நேரம் இருக்கும்போது சேகர் வந்து அவசரப்படுத்தி என்னை வண்டியில் ஏற்றினார். விடுதிக்கு வந்து தாளை எடுத்தால் எழுத்து கலங்கித் தெரிகிறது. மூக்குக் கண்ணாடியை மையத்திலேயே, துணி வெட்டுகிற மேசையில் வைத்துவிட்டு வந்திருக்கிறேன். கண்ணாடி இல்லாமல் என்னால் என் பெயரைக்கூடப் படிக்க முடியாது.

கீழே ஓடினேன். "திரும்ப மையத்துக்குப் போகவேண்டும் சேகர்" என்றேன். அவர் முகம் மாறியது. "இப்பவா? வண்டி ப்ளக்கு பூடுச்சி மேடம்" என்றார். ஐந்து நிமிஷத்துக்கு முன் என்னைக் கொண்டுவந்து இறக்கிய வண்டி. "வேறு வண்டி பிடிக்கிறேன்." "ஸ்டாண்டுல எல்லா வண்டிக்கும் ப்ளக்கு பூடுச்சி மேடம்" என்றார். ஊருக்கே ஒரே நாளில் ப்ளக் போவதை நான் எங்கும் கேள்விப்பட்டதில்லை. கோபம் வந்துவிட்டது. கைப்பையைத் தூக்கிக்கொண்டு நடக்க ஆரம்பித்தேன்.

வெயிலில் அரை மணி நேரத்துக்கு மேல் நடை. சேகர் ப்ளக் போன வண்டியில் என்னைத் தாண்டிப் பறக்கப் பார்த்தார். ரயில்வே கேட் போட்டிருந்தார்கள். மாரிகுப்பம் ரயில், முதல் நாள் எனக்காகக் காத்திராத அதே ரயில், அவரை நன்றாகக் காக்க வைத்தது. நான் கேட்டின் ஓரமாகக் குனிந்து போய்விட்டேன்.

மையத்தில் பன்னிரண்டு இயந்திரங்களும் ஓடிக்கொண்டிருந்தன. காலையில் பார்த்த முகம் ஒன்றுகூட இல்லை. நாலாவது இயந்திரத்தில் முனியம்மா உட்கார்ந்திருந்தாள். தையல் இயந்திரம் எப்படி இருக்கும் என்றே தெரியாத முனியம்மா. அவள் மூக்கில் என் கண்ணாடி. ஊசிக்காதுக்கு நேராக நூலை நீட்டி, நாக்கைக் கடித்துக்கொண்டு, ஒரே போடில் கோத்துவிட்டு நிமிர்ந்தவள் என்னைப் பார்த்தாள்.

"கண்ணாடி நல்லா கீதுமா" என்றாள். வேறு என்னதான் சொல்லுவாள்?

சாமி காலண்டரைக் கழற்றி மூலையில் சாய்த்து வைத்திருந்தார்கள். அது இருந்த இடத்தில் ஒரு பலகை, பலகை நிறைய ஆணிகள், ஆணிகளில் சோடா பாட்டில் மூடிகள். மூடிகளில் ஏதோ எண்கள் எழுதியிருந்தன. கண்ணாடிதான் முனியம்மாவிடம் இருந்ததே, எனக்கு வெறும் புள்ளிகளாகத் தெரிந்தது. பலகையின் கீழே கோவிந்தசாமி எழுந்து நின்றார். சும்மா உட்கார்ந்திருக்கிறவரின் கையில் ஷிப்ட் எழுதிய நோட்டு இருந்தது.

யாரோ ஓடிப்போய்க் கனகத்தைக் கூட்டிவந்தார்கள். நான் கத்தினேன். நியூஸ் வாசிக்கிற தமிழிலேயே கத்தினேன். ஒப்பீடு என்றால் என்ன, ஒரு லைனுக்குக் கொடுத்து ஒரு லைனுக்குக் கொடுக்காமல் வைப்பது ஏன், இரண்டு வருஷ ஆய்வு எப்படிப் பாழாகிவிட்டது என்று மூச்சுவிடாமல் சொன்னேன். கனகம் குறுக்கிடாமல் கேட்டாள்.

"ஆச்சா? ஒக்காருங்க" என்றாள். "சீட்டு குலுக்குன அன்னிக்கே ரெண்டு லைனும் ஒண்ணா ஒக்காந்து பேசிட்டோம் மேடம். எங்க வூட்டுக்காரரும் முனியம்மாக்கா வூட்டுக்காரரும் ஒரே கேஜ்ல சுரங்கத்துக்குள்ள எறங்குறவங்க. அவங்க கீழ ஒண்ணா கீறப்போ நாங்க மேல தனியாவா கீறது? சீட்டு சொல்லிச்சின்னு மெஷினை நாங்களே வெச்சிக்கினா, அந்தக்கா வூட்டு வாசல்ல நான் எப்டி தண்ணிக்கு நிப்பேன்?"

கோவிந்தசாமி தொண்டையைச் செருமினார். "கம்பெனில மெஷின் நிக்கக் கூடாதும்மா. ஆளுதான் மாறணும். நாலு மணி நேரம் தச்சிட்டு மீதி நேரம் துணி போத்தி வெச்சா இன்னா நாயம்? காலைல ஆறு மணிக்கு எட்டாம் லைன், பத்து மணிக்கு ஒன்பதாம் லைன். ஷிப்ட் போட்டேன்."

"அப்படியென்றால் என்னிடம் பொய் ஏன்?"

மையத்து ஒப்பந்தத்தைக் கனகம் எடுத்துக் காட்டினாள். பட்டியலில் பெயர் இல்லாதவர் இயந்திரத்தைத் தொட்டால் இயந்திரங்கள் திரும்ப எடுத்துக்கொள்ளப்படும் என்று அதில் இருந்தது. அதனால் கோவிந்தசாமி ஒன்பதாம் லைனுக்கு ஒரு வாரம் ஒத்திகை நடத்தியிருக்கிறார். மெஷினைப் பற்றிக் கேட்டால் தெரியாது என்று சொல்லவேண்டும்.

"முட்டையைப் பற்றி?" என்றேன்.

"முட்டையப் பத்தி எதுக்குமா பொய் சொல்லணும்?" என்று முனியம்மா கேட்டாள்.

என் தலையில் கை வைத்துக்கொண்டேன். இயந்திரத்தைப் பற்றி அவர்கள் சொன்ன பொய்யை யாரும் கூட்டிப் பார்க்கப்போவதில்லை. கூட்டிப் பார்ப்பது முட்டையைத்தான், அதில் உண்மை சொல்லித் தொலைத்துவிட்டார்கள். இதை நான் விளக்கியதும் முனியம்மாவுக்குக் கோபம் வந்தது. "முன்னாடியே சொல்லியிருந்தா பட்டினின்னு சொல்லியிருப்போமே!" "ஏன்கா, வந்தவங்களுக்கு முட்டையை அவிச்சி கைல குட்த்துட்டு எப்டிக்கா பட்டினின்னு சொல்லுவ?" என்றாள் கனகம். எல்லாரும் சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டேன்.

சிரிப்பு அடங்கியபின்தான் எனக்கு நிலைமை உறைத்தது. வித்தியாசம் இல்லை என்று எழுதினால் பலனில்லை என்று லாரி வரும். வித்தியாசம் ஏன் இல்லை என்று எழுதினால் ஒப்பந்தத்தை மீறியதற்கு லாரி வரும். இரண்டு லைனும் சாப்பிடுகிற சோறு அந்தப் பன்னிரண்டு இயந்திரத்தில் இருந்தது. எப்படிச் சுற்றினாலும் லாரி வாசலில் வந்து நின்றது. அதைச் சொன்னேன். முனியம்மா என் கண்ணாடியைக் கழற்றி, முந்தானையால் துடைத்து, என் கையில் கொடுத்தாள்.

"நாளைக்கு வர்ற அதிகாரி கேட்டா நீங்க இன்னா சொல்லுவீங்க?" என்று கனகம் கேட்டாள்.

"அவருக்குத் தமிழ் தெரியாது. நீங்கள் சொல்வதை நான் அவர் பாஷையில் சொல்வேன். கூட்டவும் மாட்டேன், குறைக்கவும் மாட்டேன்" என்றேன். பெரிய நேர்மைபோலத்தான் சொன்னேன். உள்ளுக்குள், முடிவு என் தலையில் விழாமல் இருந்தால் போதும் என்ற கோழைத்தனம் அது.

ஐந்தாம் நாள் வங்கி அதிகாரி வந்தார். வெள்ளைக்காரர், அநியாய உயரம். தகரக் கூரைக்கு எச்சரிக்கையாகக் குனிந்தவர், குனிந்த இடத்திலிருந்த நிலைப்படியில் இடித்துக்கொண்டார். காலண்டர் பழைய இடத்துக்குப் போயிருந்தது. எட்டாம் லைன் பெண்கள் இயந்திரங்களில் உட்கார்ந்திருந்தார்கள். ஒன்பதாம் லைன் வேடிக்கை பார்க்கிற தோரணையில் ஓரமாக நின்றது. அதிகாரிக்கும் இட்லி கொடுத்தார்கள். நல்ல மனிதர், நெற்றியைத் தடவிக்கொண்டே தின்றார்.

"இந்த இயந்திரங்களை எத்தனை பெண்கள் பயன்படுத்துகிறார்கள் என்று கேளுங்கள்" என்றார் என்னிடம். கேட்டேன்.

கனகம் என்னைப் பார்க்கவில்லை. "பன்னெண்டு" என்றாள்.

பன்னிரண்டு என்று ஆங்கிலத்தில் சொல்ல நான் வாயைத் திறந்தபோது வாசல் மேசையில் நாற்காலி நகர்ந்தது. கோவிந்தசாமி எழுந்துவிட்டார். காதிலிருந்த பென்சிலை எடுத்து மேசைமேல் வைத்தார்.

"இல்ல கனகம். அது மட்டும் என்னால முடியாது" என்றார். பிறகு அதிகாரியைப் பார்த்தே பேசினார். "நாப்பது வருசம் சுரங்கத்து ஷாஃப்ட் வாசல்ல ஒக்காந்து டோக்கன் குட்த்தவன் நானு. கீழ போன ஆளு ஒருத்தனை எழுதாம வுட்டுட்டா, அவன் மேல வர்லன்னாலும் யாரும் தேட மாட்டாங்க. எழுதினாத்தான் தேடுவாங்க. மெஷின் போனா போவட்டும். ஒக்காந்து தச்சவங்களை இல்லைன்னு சொல்ல மாட்டேன். பன்னெண்டு இல்ல. முப்பத்தாறு."

நான் திகைத்துப்போனேன். "இருபத்து நாலுதானே ஐயா?"

"ரெண்டு மணி ஷிப்டை வுட்டுட்டீங்களே. பத்தாம் லைன்" என்று காலண்டரைக் கழற்றினார்.

இப்போது என் மூக்கில் கண்ணாடி இருந்தது. முப்பத்தாறு ஆணி, முப்பத்தாறு மூடி. பத்தாம் லைன் என்று ஒன்று இருப்பதே எங்கள் ஆய்வில் எங்கும் இல்லை. கொடுத்தவர்கள் பட்டியலிலும் இல்லை, கொடுக்காதவர்கள் பட்டியலிலும் இல்லை. வாசலில் பெண்கள் கூட்டமாக நின்றார்கள். அவர்களுக்கு முன்னால் சேகர், பக்கத்தில் அவர் மனைவி. "இருவத்தேழாம் நம்பர் இவதான் மேடம்" என்றார். இரண்டு நாள் என்னைச் சயனைடு மேட்டைச் சுற்ற வைத்ததற்கு அர்த்தம் அப்போதுதான் புரிந்தது.

அதிகாரி என் பக்கம் திரும்பிக் காத்திருந்தார். மாற்றிச் சொல்லிவிடலாம், ஒருவருக்கும் தெரியாது. உண்மையிலேயே மாற்றிச் சொல்லத்தான் நினைத்தேன். ஆனால் கோவிந்தசாமி நின்றுகொண்டே இருந்தார், கணக்கு ஒப்புக்கொள்ளப்படும்வரை உட்காராதவராக. ஷாஃப்ட், டோக்கன், தேட மாட்டார்கள் என்பது எல்லாவற்றையும் வரிசை மாறாமல் சொன்னேன். கடைசியில் முப்பத்தாறு என்று சொல்லும்போது என் குரல் உடைந்துவிட்டது. மொழிபெயர்ப்பாளர் அழக்கூடாது என்று எந்த ஒப்பந்தத்திலும் இல்லை.

அதிகாரி பலகைக்குக் கிட்டப் போய் ஒவ்வொரு மூடியாகப் பார்த்தார். பத்தாம் நம்பர் மூடியைத் திருப்பிப் பார்த்தார், ஆரஞ்சு சோடா. கடைசியில் பெருமூச்சுவிட்டு, "அப்படியானால் நாம் யாரோடு ஒப்பிடுவது? இரண்டாம் கட்டம் என்று ஒன்று வந்தால் யாரையாவது வெளியே நிறுத்தியாக வேண்டுமே. யாரை நிறுத்தலாம் என்று இவர்களையே கேளுங்கள்" என்றார்.

கேட்டேன். பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். முனியம்மா முன்னால் வந்தாள்.

"யாரனா ஒருத்தர் வெளிய நிக்கணும்னா அவரே நிக்கட்டும்மா. அவருக்கு இன்னா கொறஞ்சிடப் போவுது? பாக்கவும் நல்லா வளத்தியா கீறாரு, தூரத்துல இருந்தே தெரியும்."

கூட்டாமல் குறைக்காமல் அதையும் சொன்னேன். அந்த மனிதர் சிரித்த சிரிப்பில் தகரம் அதிர்ந்தது. சிரித்து முடித்ததும் முகம் பழையபடி அதிகாரி முகமாகிவிட்டது. ஒப்பந்தம் மீறப்பட்டதை மறைக்க முடியாது, அப்படியே எழுதுவேன், மேலே இருப்பவர்கள் முடிவு செய்வார்கள் என்றார். நானும் என் அறிக்கையில் எல்லாவற்றையும் எழுதினேன், முட்டை உட்பட. ஒப்பிட ஆள் கிடைக்கவில்லை, மூன்று லைனிலும் யாரும் யாரையும் வெளியே நிறுத்தவில்லை என்று கடைசி வரி. லிம் அதைப் படித்துவிட்டு இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

அந்த மாதக் கடைசி நாளன்று ஈப்போவில் எனக்கு எந்த வேலையும் ஓடவில்லை. மாலை ஐந்து மணிக்கு மேசையில் உட்கார்ந்து கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அங்கே இப்போது இரண்டு மணி ஷிப்ட் ஏறியிருக்கும், லாரியும் வந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். சாப்பிடப் பிடிக்கவில்லை.

இரண்டு வாரம் கழித்துத் தபாலில் ஓர் உறை வந்தது. உள்ளே கோடு போட்ட நோட்டுத் தாள் ஒன்று, பென்சிலால், முத்து முத்தான கையெழுத்து. நலமா என்ற விசாரிப்பு இல்லை. மேலே அந்த மாதக் கடைசித் தேதி. கீழே ஐந்து வரி.

முதல் ஷிப்ட், பன்னிரண்டு பேர்: ஆஜர்.

இரண்டாம் ஷிப்ட், பன்னிரண்டு பேர்: ஆஜர்.

மூன்றாம் ஷிப்ட், பன்னிரண்டு பேர்: ஆஜர்.

மெஷின் பன்னிரண்டு: ஆஜர்.

லாரி: ஆப்சென்ட்.